இருபது வயதில் பிரொம்: போவதா, விடுவதா, வேறு வழி பார்ப்பதா?

ஏப்ரல் பிறந்தால் ரொறன்ரோவின் ஸ்காபரோப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் படிப்பு இரண்டாம் பட்சம்தான். பிரொம் என்பது பள்ளி முடிக்கிறவர்களுக்கு வருடக் கடைசியில் வைக்கும் விருந்தும் நடனமும். அதற்கு டிக்கெட் எப்போது விற்பார்கள், யார் யாரோடு ஒரே மேசை, யார் என்ன நிறத்தில் உடுப்பது என்று லொக்கர் வரிசை முழுக்க அதே கதை. அதைக் கேட்டுக்கொண்டு, தானும் இதில் சேர்த்தியா இல்லையா என்று தெரியாமல் நிற்கும் சிலர் எல்லாப் பள்ளியிலும் உண்டு. அவர்களிடமிருந்து வரும் கேள்வி ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: "எனக்கு இருபது வயது. அம்மா ஸ்பொன்சர் செய்து வந்தேன். வெள்ளி, சனி இரவு வேலை. வகுப்பில் எல்லோரும் பதினேழு. பிரொமுக்குப் போனால் சிரிப்பார்களா? போகாவிட்டால் பிறகு மனம் கிடந்து அடிக்குமா?"

இப்படிப்பட்டவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். கனடாவின் குடும்ப ஸ்பொன்சரில் 'பிள்ளை' என்று கணக்கெடுக்கும் வயது 2014இலிருந்து 19க்குக் கீழ் என்று இருந்தது. 2017 ஒக்டோபரில் அதை மறுபடி 22க்குக் கீழ் என்று உயர்த்தினார்கள். அதுவும் விண்ணப்பம் போட்டபோது இருந்த வயதுதான் கணக்கு. ஆகவே இருபது, இருபத்தொன்றில் பியர்சன் விமான நிலையத்தில் வந்திறங்கி, ஊரில் ஏஎல் (பள்ளி இறுதிப் பரீட்சை) வரை போயும் இங்கே ஆங்கிலக் கிரெடிட்டுக்காகப் பன்னிரண்டாம் வகுப்பில் இருப்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டு அகதி முகாமில் படிப்பு இடையில் நின்றவர்கள், மலேசியாவில் சில வருடம் மாட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. ஒன்ராறியோ டிப்ளோமாவுக்கு 30 கிரெடிட் வேண்டும். ஊர்ப் படிப்பைப் பார்த்து அதிபர் கழித்துக்கொடுத்த பிறகும் சில மிச்சம் இருக்கும்.

இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாகாணத்தில் 2003 வரை ஓஏசி என்று ஒரு மேலதிக வருடம் இருந்தது. பல்கலைக்கழகம் போக நினைத்தவர்கள் பத்தொன்பது வயதில் பள்ளி முடிப்பது அப்போது சர்வசாதாரணம். இப்போதும் மார்க்ஸைக் கூட்ட ஐந்தாம் வருடம் திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள். 'விக்டரி லாப்' என்று அதற்குச் செல்லப் பெயர்கூட உண்டு. பத்தொன்பது, இருபதில் ஒருவர் பிரொம் மேசையில் இருந்தால் மற்றவர்கள் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. வயதால் வரும் சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எதை வைத்து முடிவெடுப்பது

முதலில் மேசை. பாங்குவெட் ஹோலில் ஒரு வட்டமேசைக்கு எட்டுப் பேர், பத்துப் பேர். அந்தக் கதிரைகளில் உங்களோடு இருக்க, வருடம் முழுக்க உங்களோடு மதியச் சாப்பாடு சாப்பிட்ட மூன்று நான்கு பேர் இருக்கிறார்களா? என் கணக்கில் இதுதான் தலை. இது இருந்தால் மற்றவற்றைச் சமாளிக்கலாம். இது இல்லாவிட்டால் ஐந்நூறு டொலர் உடுப்புக்கும் அந்த நான்கு மணித்தியாலத்தைக் காப்பாற்ற முடியாது.

அடுத்தது காசு. டிக்கெட் விலையை மட்டும் பார்க்காமல், அன்று விட்ட ஷிஃப்டையும் சேர்த்துப் பாருங்கள். அப்புறம் வயது தொடர்பான விதிகள்: யாரைக் கூட்டிப்போகலாம், எதில் கையெழுத்து வைக்கிறீர்கள், யார் கார் ஓட்டுவது. பிறகு இரவு வீடு திரும்பும் வழி. கடைசியாக வீடு. பெற்றோரின் அனுமதி உங்களுக்குச் சட்டப்படி தேவையில்லை. பதினெட்டு முடிந்த மாணவர் தன் படிவத்தில் தானே கையெழுத்து வைக்கலாம். ஆனால் அம்மாவோடு ஒரே அப்பார்ட்மென்டில் இருந்துகொண்டு, "எனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது" என்று சட்டம் பேசி எவரும் நிம்மதியாக வெளியே போனதில்லை.

வழி ஒன்று: பள்ளியின் பிரொம்

ஊரிலிருந்து புதிதாக வந்தவருக்கு ஒரே வரியில் சொல்வதானால், நம் ஆட்கள் சாமத்திய வீடு வைக்கும் அதே ஹோல், அதே வெள்ளைக் கதிரை உறை, அதே டிஜே. வாசலில் பன்னீர்ச் செம்புக்குப் பதில் துணை அதிபர் நிற்பார்.

அவருக்கு முன்னால் ஒரு மேசையில் பெயர்ப் பட்டியல் இருக்கும். மாணவர் அட்டையைப் பார்த்துப் பெயருக்கு நேரே கோடு போடுவார்கள். கைப்பையைத் திறந்து காட்டவேண்டும். குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு வந்தால் உள்ளே விடமாட்டார்கள், ஒருமுறை வெளியே போனால் திரும்ப நுழைய முடியாது என்பதுதான் பெரும்பாலான பள்ளிகளின் நடைமுறை. உள்ளே சலாட் வரும், பாஸ்தா வரும், பிறகு டிக்கெட் வாங்கும்போது நீங்கள் குறித்துக்கொடுத்த கோழியோ மரக்கறியோ வரும். இனிப்பு வருவதற்குள் பாதிப் பெண் பிள்ளைகள் ஹீல்ஸைக் கழற்றி மேசைத் துணிக்குக் கீழே தள்ளிவிட்டு ஆடப் போயிருப்பார்கள். ஆட வராதவர்கள் புகைப்படத் திரைக்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள். நடு இரவுக்குச் சற்று முன்பின் லைட்டை எல்லாம் போட்டுவிடுவார்கள். அவ்வளவுதான் பிரொம். தொலைக்காட்சியில் பார்த்த முடிசூட்டு விழா எல்லாப் பள்ளியிலும் நடப்பதில்லை.

காசுக்கு வருவோம். டிக்கெட் பள்ளிக்குப் பள்ளி வேறு. நூறு டொலரைச் சுற்றி என்று வைத்துக்கொள்ளுங்கள், பெரிய ஹோல் என்றால் கூடும். உடுப்பில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஆண்களுக்கு ஒரு யோசனை: டக்சீடோவை வாடகைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். ஒரு இரவு போட்டுவிட்டுத் திருப்பிக் கொடுக்கிற உடுப்புக்குக் கொடுக்கும் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டால், கருநீலத்தில் ஒரு சாதாரண சூட் சொந்தமாகவே வரும். பதினேழு வயதுக்காரருக்கு அந்த சூட் அடுத்த வருடம் அளவில்லாமல் போகலாம். உங்களுக்குப் போகாது. வேலை இன்டர்வியூவுக்கும் கலியாண வீட்டுக்கும் அதே சூட்தான். பெண்களுக்குச் சாறியோ லெஹங்காவோ வீட்டில் இருந்தால் அதுவே போதும். ஸ்காபரோப் பிரொம்களில் சாறி ஒரு புதினம் இல்லை. சாறி உடுத்துப் போகிறவர்கள் மட்டும் பிளவுஸைக் கொஞ்சம் தளர்வாகத் தைக்கக் கொடுங்கள். நான்கு மணித்தியாலம் கை தூக்கி ஆடவேண்டும்.

லிமோவும் பார்ட்டி பஸ்ஸும் வேறு கணக்கு. பங்கு போட்டால் ஆளுக்கு அறுபது, எண்பது என்று ஆரம்பிக்கும். டிப்ஸும் 13 சதவீத எச்எஸ்டி வரியும் பிறகுதான் தெரியவரும். டிக்கெட், உடுப்பு, வாகனம், தலைமுடி, படம் என்று எல்லாம் சேர்த்து ஐந்நூறு டொலர் ஆவது மிக எளிது. 2025 ஒக்டோபரிலிருந்து ஒன்ராறியோவின் அடிப்படைச் சம்பளம் மணிக்கு 17.60 டொலர். ஐந்நூறு என்றால் வரி கழிக்காமலே 28 மணித்தியால வேலை. வெள்ளி இரவு எட்டு மணித்தியால ஷிஃப்டை விட்டால் அதில் 140 டொலர் போகும். அதையும் கூட்டுங்கள். ஊருக்கு மாதம் காசு அனுப்புகிறவர் என்றால் இந்தக் கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்துவிட்டே டிக்கெட் வரிசையில் நில்லுங்கள்.

இனி நான் முன்னே சொன்ன வயதுச் சிக்கல். உங்கள் வயதைப் பார்த்து எவரும் சிரிக்கமாட்டார்கள். அதைப் பயன்படுத்திக்கொள்வார்கள். கூட்டத்தில் எல்லோருக்கும் பதினேழு, உங்களுக்கு மட்டும் இருபது என்றால், லிமோ கம்பனியின் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கக்கூடிய ஆள் நீங்கள்தான். பிரொமுக்குப் பிறகு தங்க ஒரு கொட்டேஜ் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், டெபாசிட் விழுவது உங்கள் கிரெடிட் கார்டில். "அண்ணா, நீங்கள்தானே பெரிய ஆள், ஒரு சைன் வையுங்கோ" என்று கேட்பார்கள். கேட்கிற பிள்ளையில் பிழை இல்லை. ஆனால் பஸ்ஸின் இருக்கை கிழிந்தாலும், கொட்டேஜ் கண்ணாடி உடைந்தாலும், பத்துப் பேரிடம் ஆளுக்கு நாற்பது டொலர் வாங்க நீங்கள் ஜூலை முழுக்க மெசேஜ் போட்டுக்கொண்டிருப்பீர்கள். கையெழுத்து வேண்டும் என்றால் யாராவது ஒருவரின் பெற்றோர் வைக்கட்டும்.

கார் இன்னொன்று. ஜி2 லைசென்ஸ் (முழு லைசென்ஸுக்கு முந்திய படி) வைத்திருக்கும் பத்தொன்பதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை தங்கள் வயதுக்காரர்களை நினைத்தபடி ஏற்ற முடியாது. முதல் ஆறு மாதம் அந்த வயதில் ஒரே ஒருவர், அதன் பிறகு மூன்று பேர் மட்டும். இருபது வயதுக்காரருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. எனவே ஓட்டுநர் யார் என்ற கேள்விக்கு எல்லாக் கண்ணும் உங்கள் பக்கம்தான் திரும்பும். ஓட்டச் சம்மதித்தால் ஒரு சொட்டு மதுவும் கூடாது. 21 வயது வரை எந்த லைசென்ஸ் வைத்திருந்தாலும், ஜி1 (பழகுநர் லைசென்ஸ்), ஜி2 என்றால் எந்த வயதானாலும், ரத்தத்தில் மது பூச்சியமாக இருக்கவேண்டும் என்பது இங்கே சட்டம்.

மது என்றதும் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒன்ராறியோவில் குடிக்கும் வயது 19. உங்களுக்கு அது முடிந்திருந்தாலும் பிரொம் பள்ளி நிகழ்ச்சி; அங்கே குடிக்கவோ குடித்துவிட்டு வரவோ முடியாது. வயதைக் காட்டும் அட்டையை நீட்டி வாதாடி எவரும் வென்றதாக நான் கேள்விப்படவில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து, மற்றவர்களுக்காக நீங்கள் எல்சிபிஓ என்ற அரசு மதுக்கடைக்குப் போய் வருவது. 19க்குக் கீழே உள்ளவருக்கு வாங்கிக்கொடுப்பது சட்டப்படி குற்றம். கனடாவில் நிரந்தரமாகக் கால் ஊன்றாத நிலையில் இருப்பவர் ஒருவர் போலீஸ் வரை போகக்கூடிய எதையும் தொடக்கூடாது. இதில் விவாதமே இல்லை.

யாரைக் கூட்டிப்போகலாம் என்பதற்கும் விதி உண்டு. வெளியாளைக் கொண்டுவருவதானால் பல பள்ளிகள் ஒரு விருந்தினர் படிவம் நிரப்பச் சொல்லும். விருந்தினருக்கு வயது வரம்பும் வைத்திருக்கும், இருபது அல்லது இருபத்தொன்று என்று. மாணவரான உங்களுக்கு அந்த வரம்பு இல்லை, உங்கள் விருந்தினருக்கு உண்டு. இருபது வயதில் கலியாணம் முடித்து, இருபத்தைந்து வயதுக் கணவனோடு வர நினைக்கும் பெண் இங்கேதான் முட்டிக்கொள்வாள். அலுவலகத்து ஜன்னலில் 'முடியாது' என்று சொன்னதோடு திரும்பிவிட வேண்டாம். முன்கூட்டியே அதிபரிடம் நேரே கேட்டால் வழி பிறக்கக்கூடிய இடம் இது.

ஜோடி பற்றி ஒரு வார்த்தை. பதினாறு பதினேழு வயதுப் பிள்ளையை ஜோடியாக அழைக்காதீர்கள். மூன்று நான்கு வயது வித்தியாசம் நமக்குச் சிறிதாகத் தெரியலாம், அந்தப் பிள்ளையின் வீட்டுக்குச் சிறிதாகத் தெரியாது, தெரியவும் கூடாது. நண்பர்கள் கூட்டமாகப் போங்கள். ஜோடி இல்லாமல் போகிறவர்கள் இப்போது நிறையப் பேர்.

பிரொம் யாருக்குச் சரி? ஈஎஸ்எல் (ஆங்கிலம் புதிதாகப் படிப்பவர்களுக்கான) வகுப்பிலிருந்தே ஒன்றாக வந்த ஒரு சிறு கூட்டம் இருப்பவருக்கு. அந்த வகுப்புகளில் வயது கலந்திருக்கும். பத்தொன்பதும் இருபதுமாக நாலு பேர் சேர்ந்து ஒரு மேசை எடுத்தால், அந்த மேசையில் அண்ணா தம்பி என்ற பேச்சே எழாது. மேலே கேள்வி கேட்டவருக்கும் இதுதான் என் பதில்: அப்படி இரண்டு பேர் வருகிறார்கள் என்றால் போங்கள், லிமோ வேண்டாம், சூட் வாங்குங்கள், அந்த வெள்ளிக்கிழமைக்கு இப்போதே லீவு கேளுங்கள்.

வழி இரண்டு: குளிர்காலச் செமி ஃபோர்மல்

இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பல பள்ளிகளில் டிசம்பருக்கும் பெப்ரவரிக்கும் இடையில் ஒரு சின்ன நடனம் வைப்பார்கள். சில இடங்களில் பள்ளி ஜிம்மிலேயே, சில இடங்களில் சிறிய ஹோலில். டிக்கெட் பிரொமின் பாதியோ அதற்கும் கீழோ. உடுப்புக்கு ஒரு நல்ல ஷர்ட்டும் கறுப்புக் காற்சட்டையும் போதும், லிமோப் பேச்சே கிடையாது. கீழ் வகுப்புப் பிள்ளைகளும் வரும் பள்ளிகள் உண்டு. அது ஒன்றுதான் குறை: பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் இருபது வயதில் நிற்பது உண்மையாகவே ஒரு மாதிரி இருக்கும். மேல் வகுப்புகளுக்கு மட்டும் என்றால் தயங்கவேண்டாம்.

புதிதாக வந்தவருக்கு இது நல்ல ஒத்திகையும்கூட. இந்த மாதிரி இடம் தனக்கு ஒத்துவருமா என்று முப்பது நாற்பது டொலரில் தெரிந்துவிடும். பிடிக்காவிட்டால் பிரொமை மனக்கஷ்டம் இல்லாமல் விட்டுவிடலாம். இதன் மறைவான செலவு டாக்சி. ஜனவரி இரவில், மெல்லிய சப்பாத்தோடு பனியில் பஸ்ஸுக்கு நிற்க எவராலும் முடியாது.

வழி மூன்று: நீங்களே வைக்கும் விருந்து

பிரொம் இரவிலோ அதற்கு அடுத்த சனியிலோ, ஏழெட்டுப் பேர் நன்றாக உடுத்துக்கொண்டு ஒரு நல்ல உணவகத்தில் சாப்பிட்டு, ஏரிக்கரையில் ஹார்பர்ஃப்ரன்ட் பக்கம் நடந்து படம் எடுத்துவிட்டு வருவது. இதில் வயதுக் கட்டுப்பாடு இல்லை, விருந்தினர் படிவம் இல்லை, கணவனோ மனைவியோ தாராளமாக வரலாம். ஆளுக்கு ஐம்பது அறுபது டொலரில் முடித்துவிடலாம். வேலை நேரத்துக்கு ஏற்றபடி நாளையும் மாற்றலாம்.

கேட்கும்போது எல்லாவற்றையும்விட இதுதான் நன்றாக இருக்கும். நடைமுறையில் பாதி விருந்துகள் நடப்பதே இல்லை. ஏற்பாடு செய்ய ஒருவர் வேண்டும், அது மறுபடி நீங்கள்தான், வயது காரணமாக. வட்ஸப் குழுவில் பன்னிரண்டு பேர் 'கட்டாயம்' என்பார்கள், அன்று நான்கு பேர் வருவார்கள். உணவகம் பெரிய குழுவுக்கு டெபாசிட் கேட்டிருந்தால் வராத எட்டுப் பேரின் காசு உங்கள் தலையில். பெரிய குழுக்களுக்கு 18 சதவீத டிப்ஸைத் தானாகவே பில்லில் சேர்க்கும் உணவகங்கள் உண்டு. மெனுவின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். காசை முதலே வாங்கிவிடுங்கள். இன்டராக்கில் (வங்கி வழியாக) காசு வந்து சேர்ந்தவர் பெயர் மட்டும் பட்டியலில் என்று சொல்லிவிட்டால் யார் உண்மையில் வருகிறார்கள் என்று அன்றே தெரிந்துவிடும்.

கூட்டம் பல பள்ளிகளில் சிதறிக் கிடப்பவர்களுக்கு, கோடைப் பள்ளியிலும் இரவு வகுப்பிலும் நண்பர்களைச் சேர்த்தவர்களுக்கு, கலியாணமானவர்களுக்கு இதுதான் முதல் தெரிவு. தன் பள்ளியிலேயே நான்கு பேர் இருப்பவர் இதைப் பிரொமுக்குப் பதிலாக வைத்துக்கொள்வது வீண். அந்த நான்கு பேரும் கடைசி நேரத்தில் பிரொமுக்கே போய்விடுவார்கள்.

வழி நான்கு: பட்டமளிப்பு மட்டும்

பிரொமும் பட்டமளிப்பும் ஒன்று என்று நினைக்கும் பெற்றோர் நிறைய. இரண்டும் வேறு. பிரொமுக்குப் போகாததால் டிப்ளோமாவுக்கு ஒன்றும் ஆகாது. பட்டமளிப்பைச் சில பள்ளிகள் ஜூன் கடைசியில் வைக்கும், சில இலையுதிர் காலத்தில் வைக்கும்.

நம் வீடுகளுக்கு இதன் மதிப்பு வேறு. இரண்டு வேலை செய்து பிள்ளையைக் கூப்பிட்ட அம்மா உள்ளே வந்து இருக்கக்கூடிய இரவு இதுதான். பிரொமில் அவருக்கு இடம் இல்லை, படத்தில் மட்டும்தான் பார்ப்பார். வயது கூடி, இடையில் நின்று, திரும்பத் தொடங்கி முடித்தவரின் பெயரை மேடையில் அழைக்கும்போது கையில் பூச்செண்டோடு எழுந்து நிற்க வீட்டார் இருப்பது, எந்த நடனத்தைவிடவும் அந்த வீட்டுக்குப் பெரியது. செலவும் குறைவு: கவுன் வாடகை, படம், அதன் பிறகு வீட்டில் ஒரு கொத்துரொட்டிப் பார்ட்டி.

மறைவான செலவு இலையுதிர்கால விழாவில்தான். ஒக்டோபருக்குள் நண்பர்கள் பல்கலைக்கழகம் என்று வோட்டர்லூவுக்கும் ஒட்டாவாவுக்கும் போயிருப்பார்கள். மேடைக்குப் போனால் பக்கத்துக் கதிரை வெறுமையாக இருக்கும். வகுப்புத் தோழர்களுக்காகத்தான் நீங்கள் ஏங்குகிறீர்கள் என்றால் இந்த வழி அந்த ஏக்கத்தைத் தீர்க்காது. விழா எந்த மாதம் என்று முதலே கேட்டுவிட்டு, பிரொமை விடுவதா என்று தீர்மானியுங்கள்.

பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தால்

| | பிரொம் | செமி ஃபோர்மல் | சொந்த விருந்து | பட்டமளிப்பு மட்டும் |
|---|---|---|---|---|
| செலவு | சிக்கனமாக 250 டொலர், விட்டால் 500க்கு மேல் | 50 முதல் 100 டொலர் | 50 முதல் 80 டொலர் | குறைவு. வீட்டு விருந்தைப் பொறுத்தது |
| கூட்டம் இல்லாமல் போகலாமா | வேண்டாம் | பரவாயில்லை | நடக்காது | தாராளமாக |
| வயதால் வரும் தொல்லை | கையெழுத்து, கார், மது, விருந்தினர் வரம்பு | கீழ் வகுப்புகளும் வந்தால் சங்கடம் | ஏற்பாடும் டெபாசிட்டும் உங்கள் தலையில் | இல்லை |
| வேலை | பெரும்பாலும் வார இறுதி ஷிஃப்ட் போகும் | ஒரு மாலை | எந்த நாள் என்பது உங்கள் தெரிவு | ஒரு மாலை |
| வீட்டாருக்கு இடம் | இல்லை | இல்லை | விரும்பினால் | உண்டு |

இரவு வீடு திரும்புவது

இதற்குத் தனித் தலைப்புப் போடக் காரணம் இருக்கிறது. ஸ்காபரோப் பள்ளியின் பிரொம் ஸ்காபரோவில்தான் நடக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. வோன், மார்க்கம், மிசிசாகா என்று பக்கத்து நகரங்களில் ஹோல் எடுப்பார்கள். 2024 பெப்ரவரியிலிருந்து வோனும் மார்க்கமும் இருக்கும் யோர்க் பிராந்தியத்தின் பஸ்ஸிலிருந்து ரொறன்ரோவின் டிடிசி பஸ்ஸுக்கோ சப்வேக்கோ மாற இரண்டாவது கட்டணம் இல்லை என்பது நல்ல விசயம்தான். ஆனால் நள்ளிரவுக்குப் பிறகு அந்தப் பக்கம் பஸ்கள் மிகக் குறைவு, சப்வேயும் ஒன்றரை மணிவாக்கில் ஓய்ந்துவிடும். ஸ்காபரோ ஆர்டி ரயில் 2023 ஜூலையில் தடம்புரண்டதோடு நின்றே போனது. கென்னடி ஸ்டேஷனில் இறங்கினாலும் அங்கிருந்து பஸ்தான். கார் இல்லாதவர் திரும்பிவர ஊபரில் பங்கு போட மூன்று பேரை முதலே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். ஹோல் வாசலில் எல்லோரும் ஒரே நேரத்தில் போனைத் திறக்கும்போது ஊபர் விலை எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

அம்மாவிடம் சொல்லும்போதும் இதிலிருந்தே தொடங்குங்கள். 'பிரொம்' என்ற சொல்லைக் கேட்டதும் அவர் நினைப்பது வேறு, நீங்கள் போவது வேறு. எந்த ஹோல், எத்தனை மணிக்கு முடியும், யாரோடு வருகிறேன், ஆசிரியர்கள் கடைசி வரை இருப்பார்கள் என்ற நான்கையும் அவர் கேட்கும் முன்பே சொன்னால் பாதிச் சண்டை குறையும். பிரொமுக்குப் பிறகு எங்கேயும் தங்கப்போவதில்லை என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மிச்சப் பாதி குறைந்துவிடும்.

முப்பது நாற்பது வயதில் படிப்பவர்களுக்கு

21ஐத் தாண்டியவர்களைப் பெரும்பாலும் வயது வந்தோர் பள்ளிகளுக்குத்தான் அனுப்புவார்கள். அங்கே பிள்ளைகளின் பிரொம் போல ஒன்றை எதிர்பார்க்க வேண்டாம். பகல் பள்ளியின் பிரொமில் சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்ட அம்மாமார் உண்டு. அது சரிவராது, கேட்டுச் சங்கடப்பட வேண்டாம். இவர்களுக்கு வழி மூன்றும் நான்கும்தான். அதில் வழி மூன்றை இவர்களைப் போல் வடிவாகச் செய்கிறவர்கள் இல்லை. ஆளுக்கொரு சாப்பாடு, ஆசிரியருக்கு ஒரு சால்வை, மதியம் தொடங்கிப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். மேலே படிக்கப் போகிறவர்கள் இன்னும் கொஞ்சம் பொறுத்தால், கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் மாணவர் சங்கங்கள் வைக்கும் இராவிருந்துகள் இருக்கின்றன. தமிழ் மாணவர் சங்கங்களும் வைக்கும். அங்கே கூட்டம் பத்தொன்பதிலிருந்து முப்பதுகள் வரை கலந்திருக்கும், துணையைக் கூட்டிப்போக யாரிடமும் கேட்கவும் வேண்டியதில்லை.

காசு கட்டும் முன்

டிக்கெட்டை முதல் கிழமையில் வாங்கினால் மலிவாகக் கொடுக்கும் பள்ளிகள் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் திருப்பிக் கொடுக்கமாட்டார்கள், வேறொருவர் பெயருக்கு மாற்றவும் விடமாட்டார்கள். அதனால் மலிவைப் பார்த்து ஓடாமல், மேசைக்கு ஆள் உறுதியான பிறகு வாங்குங்கள். நூலகப் புத்தகமோ பாடப்புத்தகமோ திருப்பிக் கொடுக்காமல் இருந்தால் சில பள்ளிகள் டிக்கெட் விற்காது. வரவுப் பதிவில் ஓட்டை அதிகம் இருந்தாலும் அப்படித்தான். இரவு வேலை செய்துவிட்டு முதல் பாடத்தை அடிக்கடி தவறவிடுகிறவர்கள் இதைக் கைடன்ஸ் கவுன்சிலரிடம் (மாணவர் ஆலோசகரிடம்) ஏப்ரலிலேயே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும், மே கடைசியில் போய் நின்றால் எவரும் கேட்கமாட்டார்கள். காசு கொஞ்சம் போதாது என்றால் அதையும் அவரிடமே மெதுவாகச் சொல்லலாம். டிக்கெட்டுக்கு உதவ ஒரு சிறு தொகையைத் தனியே வைத்திருக்கும் பள்ளிகள் உண்டு, கேட்டவர் பெயரை வெளியே விடமாட்டார்கள். வாசல் எத்தனை மணிக்குப் பூட்டும் என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள். மாலை ஷிஃப்டை முடித்துவிட்டு நேரே வர நினைக்கிறவருக்கு டிக்கெட் விலையைவிட அந்த நேரம் முக்கியம்.